மஞ்சள் விளக்கும் மூன்றாவது சிலிண்டரும்

போன தை மாதம், பொங்கல் முடிந்து ஊரிலிருந்து சென்னைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். பரனூர் டோல்கேட்டுக்கு அரை கிலோமீட்டர் முன்னாலேயே வண்டிகள் தேங்கி நின்றன. கிளட்ச்சை மிதிப்பதும் விடுவதுமாக ஊர்ந்துகொண்டிருந்தபோது டாஷ்போர்டில் என்ஜின் படம் போட்ட அந்த மஞ்சள் விளக்கு எரிந்தது. "என்னங்க அது, புதுசா இருக்கு?" என்றாள் மனைவி. வண்டி எப்போதும் போலத்தான் ஓடியது. வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம் என்று சொல்லி ஓட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

உள்ளுக்குள் ஒரு சந்தேகம் மட்டும் முன்பே இருந்தது. மார்கழி தொடங்கியதிலிருந்து, காலையில் முதல் ஸ்டார்ட்டில் தையல் மெஷின் ஓடுவது போல ஒரு 'டிக் டிக்' சத்தம் கேட்கும். பத்து நிமிடம் ஓடியதும் தானாக அடங்கிவிடும். லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கொடுத்துக்கொண்டிருந்த வண்டி 12-க்கு இறங்கியிருந்தது. குளிர்காலம், டிராஃபிக் என்று ஏதேதோ சமாதானம் சொல்லிக்கொண்டு நாளைக் கடத்தியிருந்தேன்.

வண்டி 2014 மாடல், 1.2 லிட்டர் பெட்ரோல். 2019-ல் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. மீட்டரில் 1,12,000 கிலோமீட்டர். கடன் அடைந்துவிட்டது, சீட் கிழியவில்லை, ஏசி நன்றாக இருக்கிறது. இதை விற்கும் எண்ணம் எனக்குக் கிடையாது. பழைய காரை வைத்துக்கொண்டு இப்படி ஒரு விளக்கைப் பார்த்து விழிக்கும் யாருக்காவது உதவட்டும் என்றுதான் இதை விரிவாக எழுதுகிறேன்.

மறுநாள் ஒரு கராஜில் விட்டேன். ஸ்கேனரைச் சொருகினார்கள். ஐந்தே நிமிடம். "பி0420 சார். கன்வர்ட்டர் போச்சு. புதுசு நாற்பத்தி ரெண்டாயிரம் வரும்." நான் பேசாமல் நின்றதைப் பார்த்து அவரே அடுத்த வழியையும் சொன்னார். "அவ்ளோ வேண்டாம்னா உள்ளே இருக்கிற ஜல்லடையை இடிச்சு எடுத்துட்டு வெறும் பைப்பா வெல்டு பண்ணிடலாம். மூவாயிரத்து ஐந்நூறு ரூபாதான். பிக்கப் சூப்பரா இருக்கும்." இன்னொரு இடத்தில் கேட்டேன். அங்கே, "முதல்ல ஆக்சிஜன் சென்சார் ரெண்டையும் மாத்திப் பார்ப்போம்" என்றார்கள். ஒரே விளக்குக்கு மூன்று வைத்தியம். வண்டியின் பானெட்டைக்கூட யாரும் திறக்கவில்லை. அதுதான் எனக்கு உறுத்தியது.

ஜல்லடையை இடிக்கும் யோசனைக்கு நான் ஏன் தலையாட்டவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் அடுக்குமாடியில் கார் நிறுத்தும் இடம் தரைக்குக் கீழே. சரிவுப் பாதைக்குப் பக்கத்தில், காற்று கொஞ்சம் வரும் மூலையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு எங்கள் காவல்காரர் ஐயா உட்கார்ந்திருப்பார். வயது எழுபதை ஒட்டி இருக்கும். காலை ஆறு மணிக்கு ஒவ்வொரு காராகக் கிளம்பும்போதும் அந்தப் புகை முழுவதும் அவருக்குத்தான். மார்கழியில் ஒருநாள், "தம்பி, உங்க வண்டிப் புகை இப்பல்லாம் கண்ணை எரிக்குது" என்று சொன்னார். நான் அதைக் காதில் வாங்கவில்லை. விளக்கு எரிந்த பிறகுதான் அந்த வார்த்தை திரும்ப நினைவுக்கு வந்தது. கன்வர்ட்டரை இடித்து எடுத்தால் சுத்தமாகாத நச்சுப் புகை நேராக அந்த நாற்காலிக்குப் போகும். அதில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கம்பெனி செய்துகொடுத்த அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்கிறது. ஆனால் சட்டத்துக்கு முன்னால் எனக்கு அந்த நாற்காலிதான் தெரிந்தது.

கன்வர்ட்டருக்குள் இருக்கும் அந்த ஜல்லடை என்ன செய்கிறது? சைலன்சர் போலத் தெரியும் ஒரு எஃகு டப்பாவுக்குள் தேன்கூடு மாதிரி பீங்கான் கட்டி. ஒவ்வொரு துளையும் அரிசி மணி அகலம்கூட இருக்காது. அந்தத் துளைகளின் சுவரில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் என்ற விலை உயர்ந்த உலோகங்கள் மிக மெல்லிய பூச்சாக இருக்கும். புகை அதன் வழியே போகும்போது கார்பன் மோனாக்சைடு கார்பன் டை ஆக்சைடாகவும், எரியாத பெட்ரோல் ஆவி தண்ணீராகவும் கார்பன் டை ஆக்சைடாகவும், நைட்ரஜன் ஆக்சைடுகள் வெறும் நைட்ரஜனாகவும் மாறிவிடும். பூச்சில் செரியம் ஆக்சைடும் உண்டு. அது ஆக்சிஜனைச் சேமித்து வைக்கும் குதிர் மாதிரி. புகையில் ஆக்சிஜன் மிஞ்சினால் வாங்கி வைத்துக்கொள்ளும், குறைந்தால் எடுத்துக் கொடுக்கும். இந்தக் குதிரை மறந்துவிடாதீர்கள், கதையின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது.

சென்னைக்கும் இதற்கும் முப்பது வருடப் பழக்கம். 1995 ஏப்ரல் 1 முதல் டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களில் புதிதாக வரும் பெட்ரோல் கார்களுக்குக் கன்வர்ட்டர் கட்டாயமானது. ஈயம் கலந்த பெட்ரோல் இந்தப் பூச்சை மூடிக் கெடுத்துவிடும் என்பதால் ஈயம் இல்லாத பெட்ரோலும் கூடவே வந்தது. 2000-ல் நாடு முழுக்க ஈயம் கலந்த பெட்ரோல் நின்றது. அந்த ஈயம் நம் பிள்ளைகளின் ரத்தத்தில் ஏறாமல் போனதற்கு இந்த டப்பாவும் ஒரு காரணம். நான் இதை மதிக்கிறேன்.

ஆக்சிஜன் சென்சார் இரண்டு. கன்வர்ட்டருக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. 2013 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பாரத் ஸ்டேஜ் 4 பெட்ரோல் கார்களில் கன்வர்ட்டர் வேலை செய்கிறதா என்று வண்டியே கண்காணிக்க வேண்டும் என்பதால் பின் சென்சார் இருக்கும். அதற்கு முந்தைய பல கார்களில் முன் சென்சார் மட்டும்தான். உங்கள் வண்டியில் எத்தனை என்று முதலில் குனிந்து பார்த்துக்கொள்ளுங்கள். இல்லாத சென்சாரை மாற்றச் சொல்லிக் காசு கேட்ட கதையும் கேட்டிருக்கிறேன்.

முன் சென்சார் புகையில் ஆக்சிஜன் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து, என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூவுக்குச் சொல்கிறது. சாதாரண ஜிர்கோனியா சென்சாரானால், பெட்ரோல் அதிகமாக இருக்கும்போது 0.8, 0.9 வோல்ட் காட்டும். காற்று அதிகமாக இருக்கும்போது 0.1 வோல்ட்டுக்கு இறங்கும். ஈசியூ அதைப் பார்த்துப் பெட்ரோலைக் கொஞ்சம் கூட்டும், கொஞ்சம் குறைக்கும். ஆகவே நல்ல வண்டியில் முன் சென்சாரின் கோடு ஓயாமல் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். அந்த ஏற்ற இறக்கத்தை எல்லாம் நடுவில் இருக்கும் குதிர் உள்வாங்கிக்கொள்வதால் பின் சென்சாரின் கோடு 0.6, 0.7 வோல்ட் பக்கத்தில் ஏரித் தண்ணீர் மாதிரி அமைதியாகக் கிடக்கும். பின் கோடும் முன் கோட்டைப் போலவே ஆட ஆரம்பித்தால், குதிரில் ஆக்சிஜன் நிற்கவில்லை என்று ஈசியூ முடிவு கட்டி பி0420 என்று எழுதி விளக்கைப் போடும். சில வண்டிகளில் முன்னால் இருப்பது வேறு வகை, ஏர்-ஃப்யூயல் சென்சார். அதற்கு இந்த வோல்ட் கணக்கு ஒத்து வராது.

இப்போது அந்தக் குறியீட்டை நிதானமாகப் படித்துப் பாருங்கள். 'பின் சென்சார் ஆடுகிறது' என்பது மட்டும்தான் அதில் இருக்கும் செய்தி. குதிர் உண்மையிலேயே ஓட்டையாகிவிட்டதா, அல்லது குதிர் தாங்காத அளவுக்கு முன்னால் இருந்து யாரோ கொட்டுகிறார்களா, அல்லது நடுவில் எங்காவது வெளிக்காற்று புகுகிறதா என்பதை அது சொல்வதில்லை. கன்வர்ட்டர் தானாக நோய்வந்து சாகிற பொருள் இல்லை. பெரும்பாலும் அதற்கு முன்னால் இருக்கிற ஏதோ ஒன்றுதான் அதைக் கொல்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் புதுக் கன்வர்ட்டர் போட்டால் அதையும் சேர்த்துக் கொல்லக் கொடுக்கிறோம்.

இது எனக்கு என் மச்சான் வீட்டில் தெரிந்த விஷயம். திருநெல்வேலியில் இருக்கிறார். அவர் காரில் இழுவையே இல்லாமல் போயிற்று. மேட்டில் ஏறும்போது ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தாலும் வண்டி முனகும், நகராது. சைலன்சரைக் கையால் தட்டினால் உள்ளே சல்லி உருளும் சத்தம். பீங்கான் கட்டி உடைந்து துளையை அடைத்துவிட்டது. கன்வர்ட்டர் போனது உறுதி, புதுசு போட்டார்கள். ஏழாவது மாதம் திரும்பவும் அதே முனகல். அப்போதுதான் ஒருவர் இக்னிஷன் காயிலைக் கழற்றிப் பார்த்தார். அதில் மயிரிழை விரிசல். ஒரு சிலிண்டர் அவ்வப்போது மிஸ் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. எரியாத பெட்ரோல் கன்வர்ட்டருக்குள் போய் அங்கே எரியும். வழக்கமாக நானூறு முதல் எண்ணூறு டிகிரி வரை இருக்கும் அந்த இடம் ஆயிரத்தைத் தாண்டி, பீங்கானே உருகிவிடும். இரண்டாயிரம் ரூபாய்க் காயிலைக் கவனிக்காததால் இரண்டு கன்வர்ட்டர் போயிற்று. "முதல்லயே யாராவது பிளக்கைக் கழற்றிப் பார்த்திருந்தா போதும் மாப்ள" என்று இன்றைக்கும் சொல்வார். அந்தக் குரல் மனதில் இருந்ததால்தான் நான் நாற்பத்தி ரெண்டாயிரத்துக்கு அவசரப்படவில்லை.

செல்போனோடு புளூடூத்தில் பேசும் சின்ன ஓபிடி ஸ்கேனர் ஒன்று வாங்கினேன். ஆயிரம் ரூபாய்க்குள் கிடைத்தது. ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்கால் இடிக்கும் இடத்தில் பதினாறு பின் கொண்ட சாக்கெட் இருக்கும், அதில் சொருக வேண்டும். குறியீட்டைப் படிப்பதோடு எல்லோரும் நின்றுவிடுகிறார்கள். அழித்தும் விடுகிறார்கள். தயவுசெய்து அழிக்காதீர்கள். விளக்கு எரிந்த நொடியில் என்ஜின் எத்தனை சூட்டில், எத்தனை ஆர்பிஎம்மில், என்ன வேகத்தில் இருந்தது என்று ஈசியூ ஒரு பதிவு வைத்திருக்கும். 'ஃப்ரீஸ் ஃபிரேம்' என்பார்கள். அழித்தால் அதுவும் போய்விடும். முதலில் அதைப் படம் எடுத்து வைத்துக்கொண்டேன்.

அடுத்து என்ஜினை நன்றாகச் சூடாக்கிவிட்டு ஓடும் எண்களைப் பார்த்தேன். கூலன்ட் சூடு 88 டிகிரி, சரி. அது 70-க்குக் கீழேயே நின்றிருந்தால் தெர்மோஸ்டாட்டைச் சந்தேகித்திருப்பேன், ஏனென்றால் என்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று நினைத்து ஈசியூ பெட்ரோலை அள்ளி ஊற்றும். மிஸ்ஃபயர் குறியீடு எதுவும் இல்லை. பிளக் நான்கையும் கழற்றிப் பார்த்தேன். எல்லாமே கொஞ்சம் கரி படிந்து கறுத்திருந்தன, விரிசல் இல்லை. பெட்ரோல் அதிகமாகப் போகிறது என்று அந்தக் கரி சொன்னது.

பிறகுதான் 'ஃப்யூயல் ட்ரிம்'. எனக்குக் கண் திறந்த இடம் இது. ஈசியூ தன் கணக்குப்படி ஊற்ற வேண்டிய பெட்ரோலுக்கு மேல் எத்தனை சதவீதம் கூட்டியோ குறைத்தோ ஊற்றுகிறது என்று காட்டும் எண் அது. கூட்டலோ கழித்தலோ 10-க்குள் இருந்தால் கவலையில்லை. என் வண்டியில் ஐடிலிங்கில் கூட்டல் 17. ஆக்சிலரேட்டரை மிதித்து 2500 ஆர்பிஎம்மில் பிடித்தால் கூட்டல் 6.

இங்கே ஒரு சின்ன விலகல். இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். சுத்தமான பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். கலவைக்குக் கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 13.5 வரும். அதாவது அதே காற்றுக்கு இன்னும் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றியாக வேண்டும். பழைய வண்டிகளில் ட்ரிம் கூட்டல் 5, 6 என்று நின்றால் பல நேரம் அது எத்தனாலின் கணக்கு, வியாதி இல்லை. ஆகவே 2500-ல் தெரிந்த 6 எனக்கு இயல்பானது. ஐடிலிங்கில் இருக்கும் 17-தான் திருடன்.

ஐடிலிங்கில் அதிகமாக இருந்து வேகத்தில் குறைந்தால், எங்கோ கணக்கில் வராத காற்று நுழைகிறது என்று பொருள். ஐடிலிங்கில் என்ஜின் இழுக்கும் மொத்தக் காற்றே கொஞ்சம், அதில் ஓட்டை வழியாக வரும் காற்றின் பங்கு பெரிது. வேகம் கூடினால் அந்தப் பங்கு சுருங்கிவிடும். காற்று இன்டேக் பக்கம் வழியாகவும் வரலாம், எக்ஸாஸ்ட் பக்கம் வழியாகவும் வரலாம். இன்டேக் பக்கத்து வேக்யூம் ஹோஸ்களை ஒவ்வொன்றாகக் கிடுக்கியால் அமுக்கிப் பார்த்தேன். ட்ரிம் அசையவில்லை.

எக்ஸாஸ்ட் பக்கம் போவதற்குள் முன் சென்சாரையும் சோதித்துவிட வேண்டும் என்று நினைத்தேன். அது பொய் சொல்கிறதா, அல்லது உண்மையைத்தான் சொல்கிறதா? ஆக்சிலரேட்டரைச் சட்டென்று ஒரு மிதி மிதித்தேன். 0.88 வரை பாய்ந்தது. காலை எடுத்ததும் 0.06-க்கு விழுந்தது. மேலேயும் கீழேயும் முழுசாகப் போய் வருகிறது, சுறுசுறுப்பாகவும் இருக்கிறது. செத்த சென்சார் இப்படித் துள்ளாது. நடுவில் 0.4 பக்கம் சோம்பிக் கிடக்கும், அல்லது ஏறுவதற்கே ஒரு விநாடி எடுத்துக்கொள்ளும். விலை குறைந்த ஸ்கேனரில் இதைப் பார்க்கும்போது அந்த ஒரு எண்ணை மட்டும் திரையில் வையுங்கள். பத்து எண்களை ஒன்றாகக் கேட்டால் அது மெதுவாகப் படிக்கும், நல்ல சென்சாரும் சோம்பேறி மாதிரி தெரியும். நான் முதல் நாள் அப்படித்தான் ஏமாந்தேன். சென்சாரின் ஹீட்டரையும் மல்டிமீட்டரில் பார்த்தேன். நான்கு வயரில் ஒரே நிறத்தில் இருக்கும் இரண்டும் பெரும்பாலும் ஹீட்டருடையவை. ஏழு ஓம் காட்டியது. அறுந்திருந்தால் மீட்டர் எதுவும் காட்டாது. இந்த சென்சாருக்கு முந்நூறு டிகிரிக்கு மேல் சூடு ஏறினால்தான் உயிர் வரும். ஹீட்டர் போனால் காலை நேரத்தில் ரொம்ப நேரம் அது தூங்கிக்கொண்டே இருக்கும்.

ஆக, சென்சார் நல்லது. புகையில் ஆக்சிஜன் அதிகம் என்று அது சொல்வது உண்மை. பிளக்கோ பெட்ரோல் அதிகம் என்கிறது. இரண்டும் உண்மையென்றால், அந்த ஆக்சிஜன் என்ஜினுக்குள் இருந்து வரவில்லை. காலை நேரத்து 'டிக் டிக்' அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

குரோம்பேட்டை பக்கம் ஒரு சின்ன ஷெட் வைத்திருக்கும் பாயிடம் போனேன். அறுபதைத் தாண்டியவர், கார்புரேட்டர் காலத்து ஆள். எண்களை எல்லாம் காட்டினேன். அவர் செல்போனைப் பார்க்கவே இல்லை. "காலையில டிக் டிக்குன்னு கேக்குதா தம்பி? சூடானா நின்னுடுதா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். "ராத்திரி வண்டிய இங்கயே விட்டுட்டுப் போ. காலைல ஆறரைக்கு வா. நீ வராம நான் ஸ்டார்ட் பண்ண மாட்டேன்."

மறுநாள் காலை என்ஜின் ஜில்லென்று இருந்தது. முதலில் ஸ்டார்ட் செய்யாமலே பார்ப்போம் என்றார். பழைய வேக்யூம் கிளீனர் ஒன்றின் ஊதும் பக்கத்துக் குழாயைச் சைலன்சர் வாயில் வைத்துச் சுற்றிலும் துணியைத் திணித்தார். பானெட்டைத் திறந்து, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் மேல் இருக்கும் தகரத்தைக் கழற்றினார். ஒரு ஸ்பிரே பாட்டிலில் பாத்திரம் துலக்கும் சோப்புத் தண்ணீர். மேனிஃபோல்டும் என்ஜின் ஹெட்டும் சேரும் விளிம்பு நெடுக அடித்துக்கொண்டே போனார். முதல் சிலிண்டர், ஒன்றும் இல்லை. இரண்டாவது, ஒன்றும் இல்லை. மூன்றாவது சிலிண்டருக்குக் கீழ் மூலையில் குழந்தை வாயில் எச்சில் குமிழி கட்டுவது போலச் சின்னச் சின்னக் குமிழிகள் கிளம்பின. ஒன்று உடையும், அடுத்தது வரும். டார்ச் அடித்துப் பார்த்தோம். அந்த இடத்தில் அலுமினியத்தின் மேல் விசிறி விரித்த வடிவத்தில் கரி. அங்கே இருக்க வேண்டிய ஸ்டட் பாதியில் முறிந்திருந்தது, நட்டே இல்லை. எப்போது போனதோ தெரியாது.

"இதான் உன் கன்வர்ட்டர்" என்றார் பாய்.

நடந்தது இதுதான். எக்ஸாஸ்ட்டில் புகை ஒரே சீராக ஓடாது, துடிப்புத் துடிப்பாக வரும். துடிப்பு வரும்போது இடுக்கு வழியாகக் கொஞ்சம் புகை வெளியே சீறும், அதுதான் டிக் டிக். ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவில் உள்ளே அழுத்தம் குறைந்து வெளிக்காற்றை உறிஞ்சும். அந்தக் காற்று நேராக முன் சென்சாரின் மூக்கில் போய் அடிக்கிறது. ஆக்சிஜன் ஜாஸ்தி என்று அது கூவுகிறது, ஈசியூ பெட்ரோலைக் கூட்டுகிறது. கூட்டியது அதிகமாகிப் போனதும் சட்டென்று குறைக்கிறது. இப்படி வழக்கமான சின்ன அலைகளுக்குப் பதிலாகப் பெரிய பெரிய அலைகளாகப் புகை வர, 1,12,000 கிலோமீட்டர் உழைத்துக் களைத்த குதிரால் அதை வாங்கி வைக்க முடியவில்லை. பின் சென்சார் ஆட ஆரம்பித்தது. இரும்பு சூடாகி விரிந்தால் இடுக்கு கொஞ்சம் மூடிக்கொள்ளும், அதனால் பத்து நிமிடத்தில் சத்தம் அடங்கியது. காவல்காரர் ஐயாவின் கண் எரிந்ததற்கும் அந்தக் கூடுதல் பெட்ரோல்தான் காரணம்.

முறிந்த ஸ்டட்டை எடுக்கத்தான் பாதி நாள் ஆனது. அவசரப்பட்டு வெல்டு வைத்தால் ஹெட்டே வீணாகும் என்று துருவை இளக்கும் எண்ணெயை விட்டு ஊறவைத்து, நடுவில் துளையிட்டு, இடப்பக்கம் திருகும் எக்ஸ்ட்ராக்டரால் நிதானமாகக் கழற்றினார். மேனிஃபோல்டின் முகத்தில் ஸ்கேலை வைத்து ஃபீலர் கேஜால் தடவிப் பார்த்தார், வளைந்திருக்கவில்லை. புது பேக்கிங், புது ஸ்டட், எல்லா நட்டும் புதுசு. பேக்கிங்கில் சிலிக்கான் சீலன்ட் தடவட்டுமா என்று உதவிக்கு இருந்த பையன் கேட்டான். "அந்த டியூபை இங்க கொண்டுவராதே" என்று பாய் அதட்டினார். சிலிக்கான் ஆவி பட்டால் சென்சாரின் நுனியில் வெள்ளைப் பூச்சு படிந்து அது குருடாகிவிடும். பேக்கிங், ஸ்டட், கூலி எல்லாம் சேர்த்து 2,900 ரூபாய். ஜல்லடையை இடிக்கக் கேட்டதைவிடக் குறைவு.

கன்வர்ட்டர் உண்மையிலேயே போய்விட்டிருந்தால் என்ன தெரிந்திருக்கும் என்றும் கேட்டேன். முன் சென்சாரைக் கழற்றி அந்த ஓட்டையில் பிரஷர் கேஜ் மாட்டி, 2500 ஆர்பிஎம்மில் மூன்று பிஎஸ்ஐக்கு மேல் காட்டினால் உள்ளே அடைப்பு என்று வைத்துக்கொள்ளலாம் என்றார். அடைப்பில்லாமல் பூச்சு மட்டும் தேய்ந்து செத்த கன்வர்ட்டர் இதில் பிடிபடாது. கசிவு இல்லை, மிஸ்ஃபயர் இல்லை, ட்ரிம் சரி, முன் சென்சார் சரி, அப்போதும் பின் கோடு முன் கோட்டைப் போலவே ஆடுகிறது என்றால் அதன் காலம் முடிந்தது. அப்போது காசைப் பார்க்காமல் நல்லதாக மாற்றத்தான் வேண்டும். என்ஜின் ஆயில் குடிக்கிற வண்டியானால் அதையும் சரி செய்த பிறகு. ஆயிலில் இருக்கும் பாஸ்பரஸ் கொஞ்சம் கொஞ்சமாகப் பூச்சை மூடிவிடும்.

ஒரு விஷயத்தை மட்டும் நான் முன்கூட்டியே செய்து வைத்திருந்தேன். ரிப்பேருக்கு முன் புகைப் பரிசோதனை மையத்தில் ஒருமுறை காட்டியிருந்தேன். ஐடிலிங்கில் கார்பன் மோனாக்சைடு 0.41 சதவீதம். பாரத் ஸ்டேஜ் 4 பெட்ரோல் காருக்கு அனுமதி 0.3. ரிப்பேர் முடிந்து அறுநூறு கிலோமீட்டர் ஓட்டிய பிறகு அதே மையத்தில், அதே மெஷினில், என்ஜின் சூடாக இருக்கும்போதே காட்டினேன். 0.02. சான்றிதழை மடித்து டாஷ்போர்டில் வைக்கும்போது எனக்கு உண்மையாகவே தொண்டை அடைத்தது.

விளக்கு அணைந்து மூன்று மாதம் ஆகிறது. ஐடிலிங் ட்ரிம் கூட்டல் 5. மைலேஜ் 15.4. இப்போது காலையில் கீழே நிறுத்தி வைத்து வண்டியைச் சூடாக்குவதில்லை. கன்வர்ட்டருக்கு முந்நூறு டிகிரியாவது ஏறாமல் வேலை தொடங்காது, அதற்குள் வரும் புகை எல்லாம் பச்சைப் புகை. சாவியைத் திருப்பியதும் சரிவில் ஏற்றி வெளியே கொண்டுபோய்விடுகிறேன், தெருவில் மெதுவாக உருளும்போதே சூடாகிக்கொள்ளட்டும். இதைக் காவல்காரர் ஐயாவிடம் சொல்லி, மற்ற வீட்டுக்காரர்களிடமும் கேட்டுப் பார்க்கிறேன் என்றேன். "எட்டாம் நம்பர் வீட்டு டீசல் வண்டிதான் தம்பி பெரும்பாடு" என்றார். இந்த ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டுக்காரரிடம் பேச வேண்டும்.

பின் சென்சாரின் கோடு இன்னும் முழு அமைதிக்கு வரவில்லை. நெடுஞ்சாலையில் 0.7-ல் அசையாமல் நிற்கிறது. சிக்னலில் ரொம்ப நேரம் நின்றால் மட்டும் 0.55 வரை மெல்ல இறங்கி ஏறுகிறது. அந்தக் குதிருக்கு வயதாகிவிட்டது, அது தெரிகிறது. மாதம் ஒருமுறை ஸ்கேனரைச் சொருகி அந்த எண்களையும், எத்தனை மில்லி ஆயில் ஊற்றினேன் என்பதையும் கிளவ் பாக்ஸில் கிடக்கும் நோட்டில் எழுதி வருகிறேன். முறிந்த அந்த ஸ்டட் துண்டையும் ஒரு பொட்டலமாகக் கட்டி அதே நோட்டுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.